நான் திருப்பி வைத்த பை

போன வாரம் கோலியனூரில் சம்பந்தி வீட்டுக்குப் போயிருந்தேன். மாடியில் ஒரு ஜம்போ பையை அறுத்து விரித்து, மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, காய வைத்திருந்தார்கள். ஒரு டன் சரக்குப் பிடிக்கும் வெள்ளைச் சாக்குப் பை, நாலு மூலையிலும் தூக்குவதற்கு வார் தைத்தது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஓரத்தைச் சும்மா விரலால் கிள்ளினேன். இழை மாவாக உதிர்ந்தது. வெயிலில் இற்றுப்போன அந்த பிளாஸ்டிக் வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு வாயெல்லாம் உப்புக் கரித்தது. கொண்டுவந்த காபியை வேண்டாமென்று சொல்லிவிட்டேன். சம்பந்தியம்மா வருத்தப்பட்டிருப்பார்கள்.

உப்பு ஏனென்றால், கல்யாணமான புதிதில் நான் திண்டிவனத்துக்கு வெளியே ஓர் உப்புக் குடோனில் லோடுமேன். மரக்காணத்து உப்பை ஜம்போ பையில் கொட்டி, தோல் பதனிடும் ஷெட்டுகளுக்கு லாரியில் ஏற்றுவோம். பையின் வார்களை கிரேன் வண்டிக் கொக்கியில் மாட்டுவது முனுசாமி அண்ணன். வண்டி ஓட்டித் தூக்குவது பாபு. பிரம்மதேசத்துக்காரன், என்னைவிட இரண்டு வயது சின்னவன். தூக்கிய பைக்குக் கீழே ஆள் நிற்கக் கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் பை சுழலாமல் இருக்க ஒருத்தர் அதை அணைத்துப் பிடித்தபடி கூடவே நடப்பதுதான் அங்கே வழக்கம்.

அந்தக் குடோனிலிருந்து நான் ஒரு பை திருடினேன். அடுப்படிக் கூரை ஒழுகியது, அவ்வளவுதான் காரணம். சட்டைக்குள் சுற்றிக்கொண்டு சைக்கிள் மிதித்தேன். டீக்கடையில் ஒருத்தர், "இன்னாப்பா, ஒரே நாள்ல தொப்ப போட்டுட்ட?" என்றார். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் அது எங்கள் கூரைமேல் கிடந்தது.

அப்புறம் பிள்ளைக்குக் காய்ச்சல். என்ன வைத்தியம் பார்த்தும் இறங்கவில்லை. மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு அமாவாசையன்று வருவதாக வீட்டுக்காரி வேண்டிக்கொண்டாள். புறப்படுவதற்கு முந்தின நாள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊரான் பொருள கூர மேல போட்டுக்கினு ஆத்தா எதுர எப்டி போய் நிப்ப? மொதல்ல அத எட்த்த எடத்துல வச்சிட்டு வா."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பையைச் சோப்புப் போட்டு அலசி, உலர்த்தி, மூலைக்கு மூலை மஞ்சள் தொட்டு வைத்து, விடிந்ததும் முதல் ஆளாகக் குடோனுக்குப் போய் வெறும் பை அடுக்கின்மேல் வைத்தேன். பார்க்கப் புதிதுபோலவே இருந்தது. அமாவாசை கழிந்த மறுநாள் பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கியது. கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அன்றைக்கே வேலைக்குப் போனேன். கொக்கியில் ஒரு பை ஏறிக்கொண்டிருந்தது. மூலையில் மஞ்சள். சாமி சத்தியமாகச் சொல்கிறேன், அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்போது ஒரு வார் பிய்ந்தது. பை சாய்ந்து, அடிவயிறு கிழிந்து, ஒரு டன் கல்லுப்பு, அதை அணைத்துப் பிடித்திருந்த முனுசாமி அண்ணன்மேல் இறங்கியது. கையாலும் மண்வெட்டியாலும் தோண்டினோம். முழங்காலுக்குக் கீழே எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே நின்றது. காயம் முழுக்க உப்பு. அவர் கத்தியதை என்னால் எழுத முடியாது.

அவரை விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதும் எல்லாரும் பாபு பக்கம் திரும்பினார்கள். மேஸ்திரி அவனைச் சட்டையைப் பிடித்து வண்டியிலிருந்து இழுத்துப் போட்டார்.

"ஜல்தியா முட்ச்சிட்டு எங்கடா போவணும் உனுக்கு?"

"மெதுவாத்தாண்ணா தூக்கனேன். பைதாண்ணா இத்துப்போயிருக்குது. பாருங்கண்ணா."

"புதுப் பை எப்டிடா இத்துப்போவும்?"

முதல் அறையிலேயே அவன் வாய் கிழிந்தது. அடுத்தது வயிற்றில் உதை. ஒருத்தன் மண்வெட்டிக் காம்பை உருவினான். மேஸ்திரி என்னைப் பார்த்து, "கையப் புடிறா" என்றார்.

பிடித்தேன். பின்னாலிருந்து இரண்டு கையையும் முறுக்கிப் பிடித்தேன். அடி விழ விழ அவன் முதுகு என் நெஞ்சில் வந்து மோதியது. "பை இத்துப்போச்சின்னு ஒரு வார்த்த சொல்லுண்ணா" என்று என்னிடம்தான் கெஞ்சினான். அந்தப் பையை அவனைவிட எனக்குத்தான் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. காம்பு அவன் இடது காதில் விழுந்தபோது ரத்தம் என் தோளில் தெறித்தது. கால் மடங்கிவிட்டான். கொட்டிக் கிடந்த உப்பிலேயே அவனைக் குப்புறத் தள்ளி, கிழிந்த வாயை அதில் வைத்துத் தேய்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து கண்ணாடி பார்த்தேன். காலையில் பூசிய விபூதி கலையாமல் இருந்தது.

முனுசாமி அண்ணன் காலை எடுத்துவிட்டார்கள். ஆறு மாதம் கழித்து அவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "கால் என்னுது. அத நா பாத்துக்கறேன். நீ அந்தப் பையன்ட்ட போய்ச் சொல்லு" என்றார்.

போனேன். பாபுவை வண்டி வேலைக்கு யாரும் கூப்பிடவில்லை. பிரம்மதேசத்தில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தான். ஏரிக்கரையில் காற்று நன்றாக வீசியது. அவன் பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தைப் பார்க்காமல், திருடியது முதல் மஞ்சள் வைத்ததுவரை சொல்லி முடித்தேன். மாட்டை அதட்டிவிட்டுத் திரும்பினான்.

"இன்னாண்ணா, எதனா சொன்னியா? அந்தக் காது கேக்காது. இந்தப் பக்கம் வந்து ஒக்காரு."

எழுந்து அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தேன். "ஒண்ணுமில்லப்பா. சாப்ட்டியான்னு கேட்டேன்" என்றேன்.

அந்தக் குடோன் இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். முனுசாமி அண்ணன் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. போன ஐப்பசி மழையில் பாபுவும் போய்விட்டான் என்று சேதி வந்தது. மாலை வாங்கிக்கொண்டு போனேன். போட்டுவிட்டு, அவன் வலது காதுப் பக்கமாகக் குனிந்தேன். அவன் பெண்சாதி தலைமாட்டில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து, வெளியே வந்து, செருப்பை மாட்டிக்கொண்டேன்.