ஐம்பத்தொன்பதாவது தாள்

லேத் மெஷின் ஓடும்போது ரகசியம் பேச முடியாது. பக்கத்தில் நிற்பவன் காதில் விழ வேண்டுமென்றாலும் கத்தித்தான் ஆக வேண்டும். ஓசூர் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் வொர்க்‌ஷாப் அட்டெண்டராக இருந்தபோது, பேராசிரியர்களைப் பற்றி மாணவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது எனக்கு அப்படித்தான் தெரிய வந்தது. எண்ணெய்த் துணியோடு நிற்பவனை யாரும் ஓர் ஆளாகக் கணக்கில் எடுப்பதில்லை. எல்லாவற்றையும் என் முன்னாலேயே கத்தினார்கள்.

தேர்வுக்கு முன் இருபது கேள்விகளைக் குறித்துக் கொடுக்கும் சார் தெய்வம். திரையில் போட்டதை வரி மாறாமல் வாசிக்கும் சாருக்கு ‘செய்தி’ என்று பெயர். வராதவனுக்கும் வருகை போடுகிறவர் தங்கம். தாமதமாக வந்தவனை வெளியே நிறுத்துகிறவரைப் பற்றி அவர்கள் சொன்னதை இங்கே எழுத முடியாது. நான் வேலை பார்த்த கம்பெனிகளில் கேன்டீன் சாம்பாரைப் பற்றி மட்டும்தான் அவ்வளவு தீர்மானமாகப் பேசிக் கேட்டிருக்கிறேன்.

உலோகம் வெட்டும் பாடம் எடுத்த மேடம் அந்தப் பட்டியலில் கடைசி. முப்பதைத் தாண்டியிருக்க மாட்டார். வீட்டில் தெலுங்கு, தமிழில் பேசிக்கொண்டிருக்கும்போதே கன்னடத்துக்குத் தாவிவிடுவார். இங்கே அது யாருக்கும் வேடிக்கை இல்லை. அவர் மேல் பையன்களுக்கு இருந்த குறை வேறு. வகுப்புத் தலைவனாக இருந்தவன் சிங்காரப்பேட்டைப் பையன், நெட்டையன். அவன் ஒரு நாள் லேத்துக்கு மேலே கத்தினான்: “மேடத்துக்கு ஒண்ணுந் தெரியாது மச்சா. இன்னா கேட்டாலும் தெரியல, நாளைக்குச் சொல்றேங்கறாங்க. அதுக்கு நம்ம அட்டெண்டர் அண்ணனே பாடம் நடத்தலாம்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நான் கல்லாவியில் ஒன்பதாவது வரை படித்தேன். அதோடு சரி. கிரானைட் லாரியில் கிளீனர், ரோஜாப் பண்ணையில் மருந்தடிப்பு, பிறகு ஓசூரிலும் கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளி, பொம்மசந்திராவிலும் சின்னச் சின்னப் பட்டறைகள். எங்கேயும் இரண்டு வருடம் தங்கியதில்லை. லேத்தில் மட்டும் மொத்தமாக ஏழு வருடம் நின்றிருப்பேன். கடைசியாக ஒரு பவர் பிரஸ் இடது ஆள்காட்டி விரலில் பாதியை எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு உற்பத்தியில் யாரும் வைத்துக்கொள்ளவில்லை. ஒரு ஒப்பந்தக்காரர் மூலம் இங்கே வந்தேன். அத்தனை பட்டறைகளிலும் ஒரு சூப்பர்வைசர்கூட ‘தெரியாது’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஏன் என்று கேட்டால், சொன்னதைச் செய் என்பார்கள். கேட்பதை நானும் விட்டுவிட்டேன்.

ஒரு செய்முறை வகுப்பில் நீளமான ஒரு கம்பியைச் சீவிக்கொண்டிருந்தபோது மெஷின் கத்த ஆரம்பித்தது. பல்லைக் கூச வைக்கும் சத்தம். கம்பியில் அலை அலையாகத் தடம் விழுந்தது. பையன்கள் பின்வாங்கினார்கள். நான் போய் ஸ்பீடைக் கொஞ்சம் கூட்டினேன். சத்தம் நின்றுவிட்டது. பட்டறையில் இதை எல்லோரும் செய்வார்கள்.

நெட்டையன் விடவில்லை. ஸ்பீடைக் கூட்டினால் சத்தம் அதிகமாகத்தானே வேண்டும், எப்படி நிற்கிறது என்று மேடத்தைக் கேட்டான். சிக்க வைக்கத்தான் கேட்டான்.

மேடம் கம்பியை நெருங்கி, அந்தத் தடத்தை விரலால் தடவிப் பார்த்தார். “தெரியல,” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “உங்களுக்குத் தெரியுமா அண்ணா?” என்றார். கை தானாகச் செய்யும், காரணம் தெரியாது என்றேன். பின்வரிசையில் யாரோ கைதட்டினான்.

மறுநாள் காலை எட்டரைக்கு, வகுப்புக்கு முன்பே வந்து, மெஷினை ஓட்டச் சொன்னார். நான் ஸ்பீடை மெல்லக் கூட்ட, அவர் கண்ணை மூடிக் கேட்டார். எந்த எண்ணில் கத்துகிறது, எதில் அடங்குகிறது என்று குறித்துக்கொண்டார். கூட்டக் கூட்ட அது அடங்கியது, மறுபடி கத்தியது, மறுபடி அடங்கியது. ஏழு வருடத்தில் நான் அதைக் கவனித்ததே இல்லை. அடங்கியதும் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவேன்.

வகுப்பில் பலகையில் சாக்பீஸால் ஓர் அலைக்கோடு போட்டார். வெட்டும் டூல் லேசாக ஆடுவதால் முதல் சுற்றில் விழும் தடம் இது என்றார். அதற்கு மேலே இன்னோர் அலைக்கோடு போட்டார். அடுத்த சுற்றில் டூல் இந்தப் பழைய மேடு பள்ளத்தின் மேலேயே வருகிறது. அப்போதும் ஆடிக்கொண்டேதான் வருகிறது. இரண்டு கோட்டுக்கும் நடுவில் உள்ளதுதான் சீவப்படும் சுருள். அலைகள் ஒன்றுக்கொன்று மாறி விழுந்தால் சுருள் ஓரிடத்தில் தடிக்கும், ஓரிடத்தில் மெலியும்; அது டூலை இன்னும் ஆட்டும், கத்தல் வளரும். ஸ்பீடு மாறி, மேட்டுக்கு மேல் மேடும் பள்ளத்துக்கு மேல் பள்ளமும் வந்தால் சுருள் ஒரே கனமாக வரும். ஆட்ட ஒன்றும் இருக்காது.

நான் கதவோரம் எண்ணெய் டப்பாவோடு நின்றிருந்தேன். ஏழு வருடம் என் கை தொட்டுக்கொண்டிருந்த ஒரு விஷயம் இரண்டு சாக்பீஸ் கோடுகளுக்குள் இருந்தது. போன சுற்றில் விட்ட தடத்தைத்தான் அந்த டூல் மறுபடி மறுபடி சந்தித்துக்கொண்டிருந்திருக்கிறது. மேல் தோலெல்லாம் சிலிர்த்துவிட்டது. கோயிலில்கூட எனக்கு அப்படி ஆனதில்லை.

நெட்டையன் மறுபடி எழுந்தான். ஸ்பீடை ரொம்பக் குறைத்தாலும் அடங்குகிறதே, அது எப்படி என்றான். மேடம் பலகையில் இருந்த கோடுகளைத் தொட்டுக் காட்டினார். அதற்கு இந்தப் படம் பதில் சொல்லாது, தெரியவில்லை என்றார். வகுப்பு உச்சுக்கொட்டியது.

பருவத்தின் கடைசியில் மாணவர்கள் ஆசிரியர்களுக்கு ஒன்றிலிருந்து ஐந்துவரை மதிப்பெண் போடும் தாள் வரும். பெயர் எழுத வேண்டாம். ஆசிரியர் வெளியே போய்விட வேண்டும், அட்டெண்டர் தாளைக் கொடுத்து வாங்க வேண்டும் என்பது முறை. தாள் கட்டைக் கொடுக்கும்போதே அலுவலக உதவியாளர் சொன்னார்: மேடத்துக்கு ஓராண்டு ஒப்பந்தம்தான், போன பருவமே மதிப்பெண் மோசம், இந்த முறையும் குறைந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

வகுப்பில் ஐம்பத்தெட்டுப் பேர். படிக்காமலேயே மேலிருந்து கீழ்வரை ஒரே வரிசையில் டிக் அடித்தார்கள். பலர் அடித்தது ஒன்றுக்கு நேராக. கீழே கருத்து எழுதக் கொடுத்திருந்த கட்டம் எல்லாவற்றிலும் காலி. கட்டில் நாலைந்து வெற்றுத் தாள்கள் மிஞ்சின. அலுவலகத்துக்குப் போகும் வழியில் மாடிப்படியில் உட்கார்ந்து ஒரு தாளை நிரப்பினேன். எல்லாவற்றுக்கும் ஐந்து. கருத்துக் கட்டத்தில் தமிழில் எழுதினேன். நடுவில் செருகி, கட்டைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

மாணவனில்லாதவன் மாணவனாகத் தாள் எழுதுவது தப்பு என்று எனக்கு உறைக்கவே இல்லை. நானும் அந்த வகுப்பில் நின்று கேட்டவன்தானே என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் அலுவலக உதவியாளர் ஓடி வந்தார். வருகை ஐம்பத்தெட்டு, தாள் ஐம்பத்தொன்பது. கூடுதல் தாள் ஒன்றில் மட்டும் எல்லாமே ஐந்து. மேடமே எழுதிச் செருகிவிட்டார் என்று துறைத் தலைவர் முடிவு கட்டி, அவரைக் கூப்பிட்டனுப்பியிருக்கிறார். அந்தக் குற்றச்சாட்டு நிலைத்தால் இங்கே மட்டுமில்லை, எந்தக் கல்லூரியிலும் அவருக்கு வேலை கிடைக்காது.

நான் துணியை மெஷின் மேல் போட்டுவிட்டு வெளி வாசல்வரை நடந்தேன். வேலைகளை விட்டுப் போவது எனக்குப் புதிதில்லை. அத்திப்பள்ளி பஸ் வந்து நின்றது. ஏறவில்லை. அது போன பிறகு திரும்பி நடந்தேன்.

துறைத் தலைவர் அறையில் மேடம் நின்றுகொண்டிருந்தார். நான்தான் எழுதினேன் என்றேன். தலைவர் நம்பவில்லை. “நீ ஸ்டூடண்ட்டாய்யா? எதுக்கு எழுதுன?”

“கேட்டுக்கிட்டு நின்னேன் சார். புரிஞ்சுது. அதான் எழுதுனேன்.”

தாளை நீட்டி, உன் எழுத்துதான் என்றால் படி என்றார். படித்தேன்: “இவர் தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறார். மறுநாள் தெரிந்துகொண்டு வந்து சொல்லிக் கொடுக்கிறார்.”

மேடம் என்னைப் பார்க்காமல் தலைவரிடம் சொன்னார்: “அதுல ஒரு தப்பு இருக்கு சார். மறுநாள் நான் பாதிதான் சொன்னேன். ஸ்பீடைக் குறைச்சா ஏன் நிக்குதுன்னு எனக்கு இன்னும் தெரியல.”

அந்த நேரத்தில் அதைச் சொல்ல அவருக்கு ஒரு அவசியமும் இல்லை. வேலை நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. தனக்குச் சாதகமாக இருந்த ஒரே தாளைத் தானே திருத்தினார். இப்படியும் ஒருவர் இருக்க முடியுமா என்று நினைத்தேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

அந்தத் தாள் கட்டு முழுவதும் ரத்தானது. தலைவரே வகுப்புக்குப் போய், மறுபடி எழுத வைத்தார். என்னை வொர்க்‌ஷாப்பிலிருந்து எடுத்து பல்கலைக்கழக பஸ் ஷெட்டில் வண்டி கழுவப் போட்டார்கள். வெளியே அனுப்பாததே பெரிது என்றார் ஒப்பந்தக்காரர். இரண்டாவது முறை எழுதிய தாள்களில் என்ன இருந்தது என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. கேட்கும் இடத்திலும் நான் இல்லை.

விடுமுறை முடிந்து பல்கலைக்கழகம் திறந்த வாரம், ஊத்தங்கரைப் பஸ்ஸிலிருந்து நெட்டையன் இறங்கினான். என்னைப் பார்த்ததும் நேராக வந்தான்.

“உன் மேல செம காண்டுல இருந்தேன் ணா. உன்னால ரெண்டு தடவ எழுத வச்சாங்க.”

மேடம் இருக்கிறாரா என்று கேட்டேன்.

“இருக்காங்க ணா. ஒண்ணாங் கட்டத்துல டிக் அடிக்கத்தான் பேனாவ எடுத்தேன். நீ எழுதுனத மேடமே தப்புன்னு திருத்துனாங்கன்னு தலைவர் சார் சொன்னாரில்ல, ஒரு மாதிரி ஆயிடுச்சு. வுடு.” பையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டான். “அந்த மீதிப் பாதி கிடைச்ச மாதிரி இருக்காம். மெஷினை ஓட்டிப் பார்த்தாத்தான் உறுதியா சொல்ல முடியுமாம். நாளைக்கு எட்டரைக்கு வரச் சொல்லியிருக்காங்க. நாலஞ்சு பேர் போறோம்.”

எட்டு இருபதுக்கெல்லாம் எல்லா பஸ்ஸும் ஷெட்டுக்கு வந்துவிடும். கழுவும் வேலை ஒன்பது மணிக்குத்தான், அதுவரை என்னை யாரும் தேடமாட்டார்கள். மறுநாள் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, வொர்க்‌ஷாப் பக்கம் நடந்தேன்.