பன்னிரண்டு நிமிஷம் ஓடிய வைப்பர்

சிங்கப்பூருக்கு வந்த புதிதில் எனக்கு விசித்திரமாகப் பட்டது கட்டடமோ கப்பலோ அல்ல, காரின் வைப்பர்தான். வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில்கூட இங்கே டாக்சி ஓட்டுகிறவர் வண்டியை எடுக்குமுன் முன்கண்ணாடியைத் துடைக்கும் அந்த இரண்டு கைகளையும் ஓடவிட்டுப் பார்த்துக்கொள்வார். மூன்று மணிக்கு வானம் என்ன செய்யும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தரமுடியாது. நான் தொழில் கற்றது பரமக்குடிப் பக்கத்தில் ஒரு பஸ் கொட்டகையில். அங்கே வைப்பர் கைகளைக் கழற்றித் துணியில் சுற்றி டிரைவர் சீட்டுக்கு அடியில் வைத்துவிடுவோம். வெயிலில் ரப்பர் வெடித்துவிடும், சந்தை நாளில் எவராவது பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஐப்பசி பிறந்தால் மாட்டுவோம். சுவிட்சைப் போட்டு, காய்ந்த கண்ணாடியில் இரண்டு ஆட்டு ஆடினால் வேலை முடிந்தது. அதற்கு மேல் ஓடவிட்டால் கண்ணாடி கீறிவிடும் என்று மேஸ்திரி திட்டுவார். ஊர்ப் பழக்கங்கள் எத்தனையோ கப்பலிலேயே உதிர்ந்து போயின. இந்த இரண்டு ஆட்டு மட்டும் என் கையோடு கூடவே வந்து இறங்கிவிட்டது.

ஐம்பதுகளின் நடுவில் வந்தவன் நான். சிராங்கூன் ரோட்டில் ஒரு பலசரக்குக் கடையின் மேல்மாடியில் தங்கிக்கொண்டு, ஃபேரர் பார்க் பக்கம் ஒரு சீன முதலாளியின் ஒர்க்‌ஷாப்பில் கார்களுக்கு வயரிங் வேலை பார்த்தேன். அறுபதுகள் தொடங்கியிருந்த சமயம், ஒரு நாள் காலையில் நீல நிறக் கார் ஒன்று வாசலில் வந்து நின்றது. நிறத்தைப் பார்க்குமுன் நம்பர் பலகையைப் பார்த்துவிட்டேன். மூன்று வருஷத்துக்கு முன்பு அது டாக்சியாக ஓடிய வண்டி. என்னோடு ஒரே அறையில் இருந்த முத்துவேல் ஓட்டியது. அவன் செத்ததும் அதற்குள்தான்.

வண்டியிலிருந்து இறங்கியவர் பெயர் மிஸ்டர் கோ. மீன் வியாபாரி, ஐம்பது வயது இருக்கும். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது. இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது கடைத்தெரு மலாய்தான். அதில் மீன் விலை பேசலாம், சண்டை போடலாம், மனசில் இருப்பதைச் சொல்ல முடியாது. மழை வந்தால் வைப்பர் கொஞ்ச நேரம் ஓடி, கண்ணாடியின் நடுவில் நின்றுவிடுகிறது என்றார். ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பாராம். மழை விட்டு வெயில் வந்தபிறகு, யாரும் தொடாமல், காய்ந்த கண்ணாடியில் அது தானாக ஆடத் தொடங்குகிறதாம். இரண்டு ஒர்க்‌ஷாப்பில் காட்டியிருக்கிறார். இரண்டு இடத்திலும் சுவிட்ச் நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கடைசியில் கோயிலில் குறி கேட்டிருக்கிறார். முன்பு ஓட்டிய ஆள் இன்னும் இறங்கவில்லை என்று பதில் வந்ததாம். கண்ணாடிக்கு மேலே மஞ்சள் காகிதத்தில் மந்திரம் எழுதி ஒட்டியிருந்தார். அது ஏன் பலிக்கவில்லை என்பதற்கு அவரிடம் நியாயமான காரணம் இருந்தது. காகிதம் சீனத்தில் இருக்கிறது, செத்தவனுக்கு எப்படிப் புரியும்?

“ஹந்து ஓராங் தமிழ். லூ சாக்காப் சாமா டியா,” என்றார். பேய் தமிழ் ஆள், நீ அவனிடம் பேசு என்று அர்த்தம்.

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அன்று அந்த ஆளை எப்படியாவது அனுப்பிவிடவேண்டும் என்பது ஒன்றுதான் மனதில் இருந்தது. சுவிட்சைப் போட்டேன். வலது, இடது. வலது, இடது. நிறுத்தினேன். நன்றாக இருக்கிறது, போகலாம் என்றேன். கோ நகரவில்லை. எல்லாரும் இப்படித்தான் இரண்டு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு அனுப்புகிறார்கள், மழை என்ன இரண்டு தடவையா பெய்கிறது என்று கேட்டார். மலாயில் அவர் கேட்ட அந்தக் கேள்வி என் நெஞ்சில் போய்க் குத்தியது. ஏனென்றால் அந்த வண்டியில் முதன்முதலாக இரண்டு ஆட்டுப் பார்த்து அனுப்பியவன் நான்தான்.

முத்துவேல் செத்ததற்கு முதல் நாள் மத்தியானம், வைப்பர் சுவிட்ச் லொடலொடவென்று இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு வந்தான். அவனுக்குச் சவாரி காத்திருந்தது, எனக்குச் சாப்பாடு காத்திருந்தது. சுவிட்சைப் பிரித்து, தளர்ந்திருந்த பித்தளைத் தகட்டைக் குறட்டால் வளைத்து மறுபடி மாட்டினேன். எங்கள் கொட்டகை வழக்கப்படி, தொட்ட வயரில் என் பச்சை நூலைக் கட்டினேன். யார் செய்த வேலை என்று பின்னால் தெரிவதற்காக ஆளுக்கு ஒரு நிறம் வைத்திருப்போம், எனக்குப் பச்சை. இரண்டு ஆட்டுப் பார்த்தேன். போதும் மாப்ளே, கிளம்பு என்றேன். மறுநாள் புக்கித் தீமா ரோட்டில் கொட்டிய மழையில், முன்னால் நின்ற லாரி தெரியாமல் அதன் பின்பக்கம் போய் மோதினான். போலீஸ் மழைதான் காரணம் என்று எழுதிக்கொண்டது. நான் போலீஸ் கொட்டடியில் வண்டியைப் போய்ப் பார்த்தேன். கண்ணாடி நொறுங்கிக் கிடந்தது. வைப்பர் கைகள் இரண்டும் கீழே படுத்திருக்காமல் நடுவில் நிமிர்ந்து நின்றன. மோதிய வேகத்தில் மின்சாரம் அறுந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதையே மூன்று வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் அறையில் அவனுடைய துண்டு ஆணியில் தொங்கியபடியே இருந்தது. எடுத்துப் போட எனக்குக் கை வரவில்லை. பக்கத்து அறையில் யாராவது தரையைத் துடைத்தால்கூட, காய்ந்த கண்ணாடியில் ரப்பர் உரசுகிற சத்தமாக அது என் காதில் விழும்.

இது என்னோடு போயிருந்தால் பரவாயில்லை. முத்துவேல் செத்தது அவனுக்குக் கல்யாணமாகி எட்டாவது மாசம். லீவில் போய்த் தாலி கட்டி, நாற்பது நாள் இருந்துவிட்டுத் திரும்பியவன். மனைவி பெயர் பஞ்சவர்ணம். அவன் போனபிறகு அவள் மாமியார் வீட்டிலேயேதான் இருந்தாள். இருந்தாள் என்றால், மாட்டுக்கொட்டிலை ஒட்டிய அறையில், தனித்தட்டோடு. முத்துவேலின் தங்கைக்கு வந்த இரண்டு சம்பந்தமும் தட்டிப்போனதற்கும் பழிபோட அவள் தலைதான் கிடைத்தது. ஐந்தாவது வரை படித்தவள், எனக்குத் தானே கடிதம் எழுதுவாள். ஒரு கடிதத்தில் இப்படி இருந்தது: “அண்ணே, நான் இந்த வீட்டுக்குள்ள கால் வச்ச நேரந்தான் அவுகளக் கொண்டுபோச்சுன்னு அத்தை சொல்றாக. அங்க என்ன நடந்துச்சுன்னு நீங்களாச்சும் எழுதுங்க.” மழை, விதி என்று பதில் எழுதினேன். அடுத்த கடிதத்திலும் அதையே கேட்டாள். நானும் அதையே எழுதினேன். என் அண்ணன் குடும்பம் அதே ஊரில், இரண்டு தெரு தள்ளி இருந்தது. நானும் என்றைக்காவது திரும்பிப் போய் அந்த ஊரில் தலை நிமிர்ந்து நடக்கவேண்டும் என்று ஆசை வைத்திருந்தேன். உண்மையைச் சொல்லாமல் இருந்ததற்கு வேறு காரணம் எதுவும் கிடையாது.

கோ நகராமல் நின்றதால்தான் அன்று வேலையை ஒழுங்காகச் செய்தேன். ரப்பர் குழாயைக் கொண்டுவந்து கூரையில் கட்டி, கண்ணாடியில் தண்ணீர் விடாமல் வழியும்படி செய்தேன். டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். அவன் உட்கார்ந்த இடம். கோ பக்கத்தில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைக் கழற்றி முன்னால் வைத்தார். சுவிட்சைப் போட்டேன். வெளியே வெயில் காய்ந்தது, எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் மழை பெய்தது. ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்தும் ஆயிற்று. மோட்டார் சீராக ஓடிக்கொண்டிருந்தது. எனக்குள் ஒரு அற்ப நம்பிக்கை துளிர்த்தது. பன்னிரண்டாவது நிமிஷம், கைகள் சோர்ந்து, கண்ணாடியின் நடுவில் நிமிர்ந்து நின்றன. கொட்டடியில் பார்த்த அதே இடம்.

டாஷ்போர்டுக்கு அடியில் குனிந்தேன். இரண்டு வயர் கோத்த சின்ன பல்பை வைத்து, சுவிட்சுக்கு வருகிற பக்கம் தொட்டுப் பார்த்தேன். எரிந்தது. சுவிட்சிலிருந்து போகிற பக்கம் தொட்டேன். எரியவில்லை. மோட்டாரில் குற்றம் இல்லை, வயரில் இல்லை. சுவிட்ச் அடுப்பிலிருந்து எடுத்ததுபோலச் சுட்டது. பக்கத்தில் அழுக்கேறிப் போன பச்சை நூல். பிரித்துப் பார்த்தேன். நான் வளைத்த தகடுதான், குறட்டுப் பல்லின் தடம்கூட அப்படியே இருந்தது. அது உட்கார்ந்திருந்த அட்டையில் மயிரிழை போல ஒரு விரிசல். சூடு ஏறினால் விரிசல் வாய் திறந்து தகடு எழும்பிவிடும், ஆறினால் மறுபடி உட்கார்ந்துகொள்ளும். கோ சுவிட்சை நிறுத்த மறந்துவிட்டிருப்பார், அதனால்தான் வெயிலில் தானாக ஆடியிருக்கிறது. இரண்டு ஆட்டில் எந்த மேஸ்திரிக்கும் இது தெரியாது. கால் மணி நேரம் தண்ணீர் ஊற்றிப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

நிமிர்ந்து உட்கார்ந்தேன். கோ என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பேசு என்று சைகை காட்டினார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பேசினேன்.

“முத்துவேலு, நான்தான்டா. ரெண்டு ஆட்டுப் பாத்துட்டு ஒன்ன அனுப்புனது நான்தான். பழி பூராம் ஒம் பொண்டாட்டி தலையில கெடக்கு. நான் வாயத் தொறக்காம இருந்துட்டேன்டா.”

அதற்கு மேல் அழுகை வந்துவிட்டது. கோ இரண்டு கைகளையும் சேர்த்து, கண்ணாடியைப் பார்த்து மூன்று முறை குனிந்தார். நான் அவர் வண்டியில் இருந்த பேயை மிக உருக்கமாக வழியனுப்பிக்கொண்டிருப்பதாக அவர் நினைத்தார். அவன் என்ன சொன்னான் என்று மெதுவாகக் கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அப்படியானால் சம்மதித்துவிட்டான் என்று சொல்லி, என் தோளில் தட்டிவிட்டு இறங்கினார். புதுச் சுவிட்ச் போட்டு, முக்கால் மணி நேரம் தண்ணீரில் ஓடவிட்டுத்தான் வண்டியைக் கொடுத்தேன்.

கடிதத்தைப் பஞ்சவர்ணத்துக்கு எழுதவில்லை. முத்துவேலின் அம்மாவுக்கு எழுதினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது, தபால்காரர்தான் வாசலில் நின்று உரக்க வாசித்துக் காட்டுவார், தெருவே கேட்கும். அது தெரிந்துதான் எழுதினேன். சுவிட்ச், தகடு, விரிசல், இரண்டு ஆட்டு எல்லாவற்றையும் தபால்காரருக்கும் புரிகிற மாதிரி எழுதி, உங்கள் மகன் சாவுக்கு நான்தான் காரணம், உங்கள் மருமகள் இல்லை என்று முடித்தேன். மூன்று நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். நாலாம் நாள் தபால் பெட்டியில் போட்டேன்.

இரண்டு மாசம் கழித்து என் அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. முத்துவேலின் அம்மா எங்கள் வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாராம். இந்தப் பக்கம் தலைகாட்டாதே என்று எழுதியிருந்தான். அதே வருஷம் நான் இந்த நாட்டுப் பிரஜையாகப் பதிந்துகொண்டேன். கூட வரிசையில் நின்றவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கோ, வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவனுக்குச் சத்திரத்தில் இடம் கிடைத்ததுபோல இருந்தது.

மறு வருஷம் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. முத்துவேலின் தங்கைக்குக் கல்யாணம். நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. மேல்விலாசம் பஞ்சவர்ணத்தின் கையெழுத்து. உள்ளே ஒரு துண்டுக் காகிதம்: “பத்திரிகைக்கெல்லாம் விலாசம் எழுதுற வேலைய அத்தை என்கிட்டதான் குடுத்திருக்காக. இப்ப எல்லாரோடயும் உக்காந்து சாப்பிடுறேன். இத அத்தை அனுப்பச் சொல்லல, நானா அனுப்புறேன். நீங்க வந்துடாதீங்க அண்ணே.”

மஞ்சள் தடவி ஒருவரை அழைத்துவிட்டு வராதே என்று சொல்லும் வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. அந்தக் காகிதத்தை எத்தனை முறை வாசித்தேன் என்று எனக்கே தெரியாது. சந்தோஷமாக இருந்தது. முகூர்த்தம் ஒன்பது மணிக்கு. அங்கே ஒன்பது என்றால் இங்கே பதினொன்று. அன்று ஒர்க்‌ஷாப்பில் கையிலிருந்த கிரீஸை மண்ணெண்ணெய் போட்டுக் கழுவிவிட்டு, காலையிலேயே மஞ்சள் பிசைந்து பொட்டலமாகக் கொண்டுவந்திருந்த அரிசியை உள்ளங்கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். பதினொன்று அடித்தது. சாலையில் பஸ்களும் லாரிகளும் போய்க்கொண்டிருந்தன. எந்தப் பக்கம் பார்த்துப் போடுவது என்று தெரியாமல், அட்சதையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.