உளுந்து மிதித்த கார்

எங்கள் மகளுக்கு வியர்க்காது. பிறவியிலேயே அப்படி. வெயிலில் கொஞ்ச நேரம் நின்றால் முகம் சிவந்து உடம்பு கொதிக்கும், அப்புறம் கண் செருகிவிடும். அவளுக்காகத்தான் ஏசி வைத்த பழைய கார் ஒன்றை வாங்கினோம். "கழனியில பாடுபடறவங்களுக்கு ஏசி கேக்குதாம்" என்று சொந்தக்காரர்களே சிரித்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நான் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தேன்.

வருஷா வருஷம் முழுப்பரீட்சை லீவு விட்டதும் கல்வராயன் மலையில் ஒரு அறை எடுத்து, சித்திரை முடியும்வரை அவளை அங்கே வைத்துக்கொள்வேன். அந்த வருஷம் விடியற்காலையிலேயே கிளம்பியிருக்க வேண்டும். என் வீட்டுக்காரர் விட்டால்தானே. எங்கள் பக்கம் உளுந்துச் செடியைத் தார் ரோட்டில் பரப்பிவிட்டால், போகிற வருகிற வண்டிகளே மிதித்து மணியை உதிர்த்துக் கொடுத்துவிடும். எங்கள் ரோட்டில் வண்டி கம்மி. அதனால் இவர் எங்கள் காரையே அதன்மேல் முன்னும் பின்னுமாக ஓட்டிக்கொண்டிருந்தார். முந்தின நாளும் அதே வேலைதான். "இது ஒண்ணு முடிச்சிட்டு வந்துடறேன்" என்று சொல்லிச் சொல்லியே உச்சி வெயிலாக்கிவிட்டார்.

வடக்கனந்தல் ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஏசியிலிருந்து சூடான காற்று வந்தது.

"கேஸ் போயிருக்கும்" என்றார். அவருக்கு எதற்கெடுத்தாலும் கேஸ்தான்.

"போன மாசந்தானே புடிச்சோம்?"

கண்ணாடியை இறக்கினால் அடுப்பு வாயில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. துண்டை நனைத்து மகளின் தலையில் போட்டேன். கொண்டுவந்த தண்ணீரெல்லாம் அவள் மேலேயே தீர்ந்தது. வழியெல்லாம் வாயடிக்கிற பெண் பேச்சை நிறுத்திவிட்டாள். கும்பிட்ட சாமியையெல்லாம் திட்டினேன், பக்கத்தில் இருந்த மனுஷனையும் சேர்த்து.

கரும்புக் கொல்லை ஒன்றில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தினோம். தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்ததும் ஒன்றும் கேட்கவில்லை. "கொழந்தைய மொதல்ல தொட்டியில எறக்குங்க" என்றார். கழுத்துவரை தண்ணீரில் அவளைப் பிடித்துக்கொண்டு நானும் புடவையோடு நின்றேன். வெகுநேரம் கழித்துத்தான் அவள் கண்ணைத் திறந்து, "ஜில்லுன்னு கீதும்மா" என்றாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

அதற்குள் இவர் பானெட்டைத் தூக்கிப் பார்த்திருந்தார். கம்ப்ரசர் ஓடியது. மின்விசிறியும் சுற்றியது. ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சர் ஜாலி, அந்தத் தகட்டு வலைதான் கண்ணுக்கே தெரியவில்லை. உளுந்து இலையும் தூசும் அதன்மேல் கம்பளி மாதிரி அப்பியிருந்தன. காசு கொடுத்துச் சூனியம் வைத்துக்கொண்ட கதை.

"இன்னாங்க ஆச்சு?" என்று தொட்டியிலிருந்தே கேட்டேன்.

"உள்ள இருக்கற சூடு வெளிய போவ வழியில்ல" என்றார். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது. வியர்க்காத மகளைப் பார்த்தார். அப்புறம் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. குடம் குடமாகத் தண்ணீர் மொண்டு ஜாலியில் ஊற்றினார். கழுவிய தண்ணீர் சேறாக ஓடியது.

மறுபடி ஏசியைப் போட்டபோது குளிர்ந்த காற்று வந்தது. கோமுகி அணையைத் தாண்டினோம். மலை ஏறத் தொடங்கியதும் இவர், "இனிமே இந்தக் கார உளுந்துப் பக்கமே வுட மாட்டேன்" என்றார். எனக்குச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை.

பின்சீட்டிலிருந்து மகள் கேட்டாள், "நான் பெரிசானப்பறம், நீங்க ரெண்டு பேரும் கூட இல்லாதப்ப இப்டி ஆச்சுன்னா நான் இன்னாம்மா பண்றது?"

அழுதுகொண்டு கேட்கவில்லை. கணக்குப் பாடத்தில் சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டாள். இவர் கையை நீட்டி ஏசியை இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்தார்.