தாளலயமான நோ

பரமேஸ்வரன் மாஸ்டருக்கு ஆங்கிலம் தெரியாது என்று தர்மபுரத்தில் ஒருவரும் வாய் திறக்க முடியாது. மனிதர் அகராதியையே கரைத்துக் குடித்தவர். அவருடைய ரியூட்டறி வகுப்பில் ஒரு சொல்லுக்கு ஒரு கருத்து. அதைப் பாடமாக்கினால் முடிந்தது வேலை. “ரித்மிக் என்றால் தாளலயமான” என்று பிள்ளைகள் கூரை அதிரக் கத்துவார்கள். அதை எங்கே பாவிப்பது என்று அவர்கள் கேட்டதுமில்லை, அவர் யோசித்ததுமில்லை.

சண்டை நின்றிருந்த சமாதான காலம். மாஸ்டரின் மனைவி பிரியந்தினிக்கு விடியற்காலையிலிருந்து வயிற்று நோ. முதற்பிள்ளையை இடப்பெயர்வில் பறிகொடுத்தவள். இந்தப் பிள்ளை வயிற்றில் குறுக்கே கிடந்தது. இது பிரசவ நோதான் என்றால் உடனே வவுனியாவுக்குக் கொண்டுபோய் வயிற்றை வெட்டித்தான் எடுக்கவேண்டும். வழியிலிருக்கும் ஓமந்தை இராணுவச் சோதனைச்சாவடியையோ பின்னேரம் பூட்டிவிடுவார்கள். மாஸ்டருக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாசலுக்கும் கட்டிலுக்குமாக நடந்தார்.

நடமாடும் மருத்துவ முகாமுக்கு வந்திருந்த வெள்ளைக்கார டொக்டர் அம்மா வீட்டுக்கு வந்து அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நோ ரித்மிக்காக வருகிறதா என்று ஆங்கிலத்தில் கேட்டார். தெரிந்த சொல் வந்ததில் மாஸ்டருக்குத் தெம்பு வந்தது.

“இஞ்சை பாரும், நோ தாளலயமா வருதோ எண்டு கேக்கிறா.”

“உங்களுக்கென்ன விசரே? இஞ்சை கச்சேரியே நடக்குது? உயிர் போகுது!”

மாஸ்டர் டொக்டரிடம் இல்லையென்று தலையாட்டினார். அப்படியானால் பொய்நோவாக இருக்கும், நாளைக்குப் பார்ப்போம் என்று டொக்டர் தன் வாகனத்துக்குப் போனார்.

பிரியந்தினி கணவனின் கையை நெரித்தாள். விட்டாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி நெரித்தாள், விட்டாள். அதே இடைவெளியில் இன்னொரு தரம். அப்போதுதான் அந்தத் தாளம் மாஸ்டருக்கு உறைத்தது. செருப்பும் போடாமல் வாகனத்தின் பின்னால் ஓடினார்.

“டொக்டர்! ரித்மிக்! ரித்மிக்!”

டொக்டரின் வாகனத்திலேயே ஏற்றிக்கொண்டு, சாவடியைப் பூட்டும் நேரத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தார்கள். கெஞ்சி மன்றாடி அப்பால் போனார்கள். பெண்பிள்ளை, தாயும் சேயும் சுகம் என்று தாதி வந்து சொல்லும்வரை மாஸ்டர் வவுனியா ஆஸ்பத்திரி வாங்கில் குந்தவேயில்லை.

டொக்டர் கட்டிலருகே நின்று பிரியந்தினியின் தலையைத் தடவி ஏதோ அன்பாகச் சொன்னார். மாஸ்டர் மொழிபெயர்க்க வாயெடுத்தார்.

“அவா சொன்னது எனக்கு விளங்கினது,” என்றாள் பிரியந்தினி. “நீங்கள் உங்கடை வாயாலை என்ன சொல்லப் போறியள்?”

“இந்தப் பிள்ளையையும் நான் சாகக் குடுத்திருப்பன்,” என்று மாஸ்டர் அழுதார்.