சாத்திய சன்னல்

பக்கத்து மாடிக்குக் குடிவந்திருக்கும் பீகார்க்காரப் பெண் சன்னலைச் சாத்திக்கொண்டு கடுகெண்ணெயில் மீன் பொரிக்கும் நெடி வரும்போதெல்லாம், வடமதுரையிலிருந்து திண்டுக்கல்லின் இந்தத் தெருவுக்கு நாங்கள் வந்த புதிதில், நாற்றமென்று அக்கம்பக்கத்தார் முகம் சுளித்ததற்காக அம்மா சன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் ஈரச்சாக்கைத் திணித்து, கண்ணெரியக் கருவாடு வறுத்த மதியங்களும், இருமலை அடக்கிக்கொண்டு நாங்கள் தின்ற சோறும் கண்முன் வந்து நிற்கின்றன. சுளித்தவர்களெல்லாம் வீட்டை விற்று மதுரை, சென்னை என்று போய்விட்டார்கள். இப்போது தெருவுக்குப் பழையவர்கள் நாங்கள்தான்.

அவளைக் காலி செய்யச் சொல்லும் மனுவோடு இன்று என் தம்பி வந்தான்.

“தெருவே கெட்டுப்போச்சுக்கா, கையெழுத்துப் போடு.”

“ஏலே, அன்னைக்கு அம்மாவுக்குச் சாக்கு நனைச்சுக் குடுத்ததே நீதானே?”

மனுவை அவன் சட்டைப்பையிலேயே செருகினேன். சன்னலை விரியத் திறந்து, கருவாட்டுச் சட்டியை அடுப்பில் ஏற்றினேன்.

“உக்காரு, சாப்டுட்டுப் போ.”