தம்பியின் படம், அக்காவின் விமர்சனம்

என் அக்கா மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாள். கண்ணைச் சோதித்து முடிப்பதற்குள் வாடிக்கையாளரை நாவல் பேச்சுக்கு இழுத்துவிடுவாள். நாவலைப் படமாக எடுத்த எவரும் அவள் வாய்க்குத் தப்பியதில்லை.

அவள் உயிர், கல்லூரிக் காலத்தில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு நாவல். புருஷனின் ஏச்சையெல்லாம் கேட்டு வாழ்ந்த தையல்காரி, கடைசியில் எழுந்துபோய்க் கதவைத் திறப்பாள். அவ்வளவுதான். “போனாளா, நின்னாளா, சொல்லவே இல்ல பாரு. அதுதான்டி எழுத்து” என்று எனக்கும் தம்பிக்கும் சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தாள்.

அதே நாவலுக்குத் தம்பி திரைக்கதை எழுதினான். படத்தில் தையல்காரி தெருமுனைவரை போய்விட்டு, திரும்பி வந்து அடுப்பைப் பற்ற வைக்கிறாள். அன்றிலிருந்து அக்கா அவன் போனை எடுப்பதில்லை. மூன்று மாதமாக நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவள் நான்தான்.

நூலகத்தில் அந்தப் படத்தைப் பற்றிப் பேச அக்காவைக் கூப்பிட்டார்கள். தம்பியும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தான். இங்கே கிழித்துத் தொங்கவிட்டாளானால் இரண்டு பேரும் இனி ஒட்டவே மாட்டார்கள்.

“நாலு பேர் முன்னாடி அவன் மானத்த வாங்காதக்கா.”

“விமர்சனத்துல தம்பி ஏது, தங்கச்சி ஏது?” என்று மேடையேறிவிட்டாள், மகராசி.

“கதவத் திறக்கிறதோட நாவல் முடியுது. அதுக்கப்புறம் வர்றதெல்லாம் இவங்க கைச்சரக்கு” என்று ஆரம்பித்தாள்.

நூலகர் தயங்கித் தயங்கி எழுந்தார். “அதுக்கப்புறம் ரெண்டு அத்தியாயம் இருக்கேம்மா” என்று அலமாரியிலிருந்த பிரதியை எடுத்து நீட்டினார்.

அக்காவின் பிரதியில் அந்தப் பக்கங்கள் எப்போதோ உதிர்ந்துபோயிருக்கின்றன. வாக்கியம் பக்கத்தின் அடியில் முடிந்ததால் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. மேடையில் நின்றபடியே இரண்டு அத்தியாயத்தையும் படித்தாள்.

“படம் நாவல அப்படியேதான் எடுத்திருக்கு. தப்பு என்னோடது” என்றாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதோடு இறங்குவாளா? “ஆனா இந்த ரெண்டு அத்தியாயத்தையும் ஆசிரியர் எழுதாமலே இருந்திருக்கலாம். அதுவரைக்கும் அளந்து பேசின தையல்காரி, இதுல யாரோ சொல்லிக் குடுத்ததையெல்லாம் ஒப்பிக்கிறா” என்று பக்கம் பக்கமாக எடுத்துக் காட்டி அரைமணி நேரம் வாங்கு வாங்கென்று வாங்கினாள். அரங்கம் சிரித்து ஓய்ந்தபாடில்லை. தம்பிதான் முதலில் கைதட்டினான்.

வெளியே வந்ததும் நேரே அவனிடம் போனாள்.

“என் புத்தகத்துல பக்கம் இல்லன்னு உனக்குத் தெரியும்தானே? அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்லடா?”

“கதவத் திறக்கிற அந்த முடிவச் சொல்றப்ப உன் முகம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்கா. அத நான் போய்க் கெடுக்கணுமா?”

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. “அதுக்காக மூணு மாசம் திட்டு வாங்குவியா?”

“நீதான் பேசவே இல்லையே. திட்டு எங்க வாங்கினேன்?”

“அப்ப வீட்டுக்கு வா. எல்லாத்தையும் சேத்து வச்சிருக்கேன்” என்று அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.