எப்போதும்வென்றானிலிருந்து கோவில்பட்டிக்கு: இரண்டு இருமல், ஒரு சீட்டு

ஊர் சுற்றிப் பார்த்த பயணம் இல்லை இது. போன தை மாதம், மதுரையிலிருந்து எப்போதும்வென்றானுக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் பெரியப்பா மகன் வீட்டில் இரண்டு நாள் தங்கப் போயிருந்தேன். போன இடத்தில் எனக்குச் சளியும் இருமலும் பிடித்துக்கொண்டன. தீப்பெட்டி ஆலையில் வேலை செய்யும் அண்ணன் மனைவி, சண்முகத்தாய் மதினிக்கும் இருமல். சேர்ந்தே போய்க் காட்டிவிடலாம் என்று கிளம்பினோம். நோயாளியோடு டவுனுக்குப் போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

காலை 6.40-க்குப் புறப்பட்டோம். மெயின்ரோட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் நடை. அதற்குள் மதினி நான்கு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். 7.30-க்குப் பஸ். எட்டயபுரத்தில் மாறி, கோவில்பட்டி போய்ச் சேர மணி 9. மொத்தம் சுமார் முப்பது கிலோமீட்டர். எனக்கு டிக்கெட் நாற்பது ரூபாய். இரண்டாவது பஸ் பெண்களுக்கு இலவசமான டவுன் பஸ் என்பதால் மதினிக்கு அதில் கட்டணம் இல்லை.

அங்கே ஒரு தனியார் கிளினிக்கில் டாக்டர் முதலில் என்னைப் பார்த்தார். "வெந்நீர் குடிங்க, ஆவி பிடிங்க. மூணு நாள்ல கேக்கலன்னா வாங்க" என்றார். மாத்திரை எழுதவில்லை. மதினியிடம் எத்தனை நாளாக இருமல் என்று கேட்டார். "நாலு நாளா" என்றார் மதினி. நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, ஐந்து நாளைக்கு ஆன்டிபயாட்டிக் எழுதினார்.

எனக்கு ஏன் இல்லை என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"நீங்க மதுரைக்காரர். சளி கூடுனா நாளைக்கே யார்ட்டயாவது காட்டிருவீங்க. இவிய தீப்பெட்டி ஆபீசுக்கு லீவு போட்டுட்டு அவ்வளவு தூரத்துலயிருந்து வந்திருக்காவ. நிமோனியா ஆயிட்டா திரும்ப வர முடியாது. அதான் முன்கூட்டியே எழுதிருதேன்."

நியாயமாகத்தான் பட்டது. அப்போது மதினி மெதுவாக, "இது மாதிரி மாத்திரைய முன்னயும் தின்னேன், சார்" என்று பையிலிருந்து மூன்று காலி அட்டைகளை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று எட்டயபுரம் மருந்துக்கடையில் கேட்டு வாங்கியது. ஒன்று தங்கச்சி வீட்டுக்குப் போனபோது கயத்தாற்றில் எழுதித் தந்தது. இன்னொன்று ஊருக்கு வந்து ஊசி போடுகிறவர் கொடுத்தது.

டாக்டர் பேனாவை மூடினார். "நெசமா எத்தன நாளும்மா?"

"ரெண்டு மாசம் இருக்கும். சொன்னா ஆபீஸ்ல சேத்துக்கிட மாட்டாவ."

எழுதிய சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, சளிப் பரிசோதனைக்கு எங்களை அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார். மறுநாள் தெரிந்தது, காசநோய். ஆறு மாதம் மாத்திரை, இலவசம்தான். அண்ணனையும் மகளையும் சோதித்தார்கள். அவர்களுக்கு இல்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. காலையிலேயே கிளம்புங்கள். பழைய சீட்டு, காலி அட்டை எதையும் தூக்கிப் போடாதீர்கள். நாள் கணக்கைக் குறைத்துச் சொல்லாதீர்கள். இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குச் சளிப் பரிசோதனையை நீங்களே கேளுங்கள். வேலையையும் ஊரையும் தூரத்தையும் பார்த்து எழுதப்படும் மாத்திரை இரக்கத்தில் எழுதப்பட்டதாகவே இருக்கலாம். ஆனாலும் உண்மையான நோயை அது மறைத்துவிடும்.

ஆடியில் மறுபடி போனேன். மதினி உடம்பு தேறியிருந்தார். ஆனால் ஒரு பக்க நுரையீரலில் தழும்பு நின்றுவிட்டது. குடம் தூக்கினால் மூச்சு இளைக்கிறது. டாக்டர் அன்று சொன்ன காரணத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. மதினி சொன்னார்:

"என்னால வர முடியாதுன்னு அவியளே நெனச்சுக்கிட்டாவ, தம்பி. வரச் சொல்லியிருந்தா நடந்தாவது வந்திருப்பேன்."